பிஎச்பியில் ஓட்டை என்று அறிவிப்பு வந்ததா? பதறாமல் மேம்படுத்தும் வழி

சிங்கப்பூரில் சமூக மன்றத்தின் தமிழ்க் குழுவுக்கோ, கோயிலுக்கோ, தேக்காவில் ஒரு கடைக்கோ இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தொண்டூழியரா நீங்கள்? தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஓடுகிறதென்றால் அதற்கு அடியில் பிஎச்பி என்ற நிரல்மொழி ஓடுகிறது. நிரல் எழுதத் தெரிய வேண்டாம். தளத்தை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்துக்குள் நுழையக் கடவுச்சொல் இருந்தால் இந்தச் செய்முறையில் பெரும்பகுதியை நீங்களே செய்துவிடலாம்.

தொடங்குமுன் ஒன்று. பலர் இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிஎச்பியின் 8.2.19 பதிப்பிலிருந்து 8.2.20-க்குப் போவது ஒரு வேலை. 7.4-இலிருந்து 8.3-க்குப் போவது வேறு வேலை. முன்னதில் கடைசி எண் மட்டும் மாறுகிறது. பிழைகளையும் ஓட்டைகளையும் சரிசெய்யத்தான் அது வருகிறது, அதனால் தளம் உடைவது அரிது. பின்னதில் கிளையே, அதாவது எண்ணின் முன்பகுதியே, மாறுகிறது. பழைய நிரல்கள் சில அப்படியே நின்றுபோகும். பின்னதைப் பார்த்த பயத்தில் முன்னதையும் தள்ளிப்போடுவதால்தான் பல தளங்கள் மாட்டிக்கொள்கின்றன.

“தளம் நல்லாத்தானே ஓடுது தம்பி, ஓடுற வண்டியில ஏன் கை வைக்கிறே?” என்று குழுத் தலைவர் கேட்பார். கடைசி எண் மாறும் வேலைக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். செய்துவிட்டு ஒரு வரி தகவல் சொல்லுங்கள். கிளை மாற்றுவதற்கு மட்டும் கூட்டத்தில் பேசி நாள் குறியுங்கள்.

படி 1: அறிவிப்பை முழுதாகப் படியுங்கள்

பிஎச்பி வெளியீடுகள் பெரும்பாலும் வியாழக்கிழமைகளில் வரும். சிங்கப்பூர் நேரத்துக்கு அது வியாழன் இரவு அல்லது வெள்ளிக்கிழமையாக இருக்கும். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் சிங்சர்ட் பிரிவும் பெரிய ஓட்டைகளுக்குத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. எங்கே படித்தாலும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்தக் கிளைகள், எந்த இயங்குதளம், பிஎச்பி எந்த முறையில் ஓடும்போது.

2024 ஜூன் 6 அன்று வந்த சிவிஇ-2024-4577 நல்ல எடுத்துக்காட்டு (சிவிஇ என்பது ஒவ்வோர் ஓட்டைக்கும் தரும் பொது அடையாள எண்). 2012-இல் ஒரு பழைய ஓட்டை இருந்தது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் சிறுகோடு போட்டு எழுதினால், சிஜிஐ முறையில் (சேவையகம் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பிஎச்பியைத் தனி நிரலாக அழைக்கும் முறை) ஓடும் பிஎச்பி அதைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டது. அதை அப்போதே அடைத்துவிட்டார்கள். ஆனால் சில மொழி அமைப்புகளில் விண்டோஸுக்கு ஒரு பழக்கம் உண்டு: தனக்குப் பொருந்தாத எழுத்து வந்தால், அதைப் போலவே தெரியும் இன்னொன்றாக மாற்றிவிடும். கண்ணுக்குப் புலப்படாத ‘மென்கோடு’ என்ற குறி இப்படித்தான் சாதாரணச் சிறுகோடாக மாறி, சோதனையைத் தாண்டி உள்ளே போயிற்று. கண்டுபிடித்தவர் தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்சு சாய். சீன, ஜப்பானிய மொழிகளில் அமைத்த விண்டோஸ் கணினிகளில் இது வேலை செய்வது உறுதியானது. நம் ஊரில் சீன மொழியில் அமைத்த கணினிக்குப் பஞ்சமா என்ன! தீர்வு 8.3.8, 8.2.20, 8.1.29 ஆகிய பதிப்புகளில் வந்தது. லினக்ஸ் சேவையகம் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஓட்டையால் ஆபத்தே இல்லை. இதைப் படிக்காமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது வீண்.

படி 2: உங்களிடம் ஓடுவது எது?

வேர்ட்பிரஸில் டூல்ஸ், சைட் ஹெல்த், இன்ஃபோ, சர்வர் என்று போனால் பிஎச்பி பதிப்பு தெரியும். சிபேனலில் ‘மல்ட்டிபிஎச்பி மேனேஜர்’ பக்கம் ஒவ்வொரு தளத்துக்கும் எந்தக் கிளை என்று காட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 பதிப்பில் பார்த்தால் 8.1.2 என்றே காட்டும். ‘ஐயோ, 2022 ஜனவரிப் பதிப்பா!’ என்று அலற வேண்டாம். உபுண்டுக்காரர்கள் எண்ணை மாற்றாமல் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பின்னால் சேர்த்துத் தருகிறார்கள். 8.1.2-ஐத் தொடர்ந்து ‘உபுண்டு’ என்ற சொல்லோடு வரும் வால் எண்தான் முக்கியம். அதை உபுண்டுவின் பாதுகாப்பு அறிவிப்போடு ஒப்பிடுங்கள்.

படி 3: காப்புநகல், அதில் தமிழ் தெரிகிறதா என்ற சோதனை

சிபேனலில் கோப்புகளை ஒரு ஜிப்பாகவும், பிஎச்பிமைஅட்மின் வழியாகத் தரவுத்தளத்தை ஒரு எஸ்க்யூஎல் கோப்பாகவும் இறக்குங்கள். அப்புறம், அந்த எஸ்க்யூஎல் கோப்பை நோட்பேடில் திறந்து உங்கள் தளத்தில் நிச்சயம் இருக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள். ‘தமிழ்மொழி விழா’ என்று பளிச்சென்று தெரிந்தால் சரி. வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால் அந்த நகலால் பயனில்லை. ஏற்றுமதி அமைப்பில் எழுத்துக்குறி யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா பார்த்து மறுபடி எடுங்கள். ஆங்கிலத் தளத்தில் இந்தச் சிக்கல் கண்ணில் படாது, அதனால் பொதுவான வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை.

படி 4: மேம்படுத்துங்கள்

பல தளங்கள் சேர்ந்து ஓடும் பகிர்வுச் சேவையகம் என்றால் கடைசி எண்ணை மாற்றுவது சேவை நிறுவனத்தின் பொறுப்பு. எப்போது செய்வார்கள் என்று ஓட்டையின் சிவிஇ எண்ணைக் குறிப்பிட்டு டிக்கெட் போடுங்கள். எண்ணோடு கேட்டால் நழுவலான பதில் வருவது குறைவு.

உபுண்டு போன்ற சொந்த லினக்ஸ் சேவையகம் என்றால் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ (sudo apt update), பிறகு ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’ (sudo apt upgrade) என்ற கட்டளைகளை இயக்குங்கள். முடிந்ததும் பிஎச்பியை இயக்கும் எஃப்பிஎம் சேவையை ரீஸ்டார்ட் செய்து, சைட் ஹெல்த் பக்கத்தை மறுபடி பாருங்கள்.

அலுவலகக் கணினியில் எக்ஸாம்ப் (பிஎச்பியும் சேவையகமும் சேர்ந்து வரும் மென்பொருள் தொகுப்பு) போட்டு அதையே தளமாக வெளியுலகுக்குத் திறந்து வைத்திருந்தால், மேம்படுத்துவதைவிட முதலில் அதை வெளியிலிருந்து துண்டியுங்கள். எக்ஸாம்ப் சோதித்துப் பார்ப்பதற்கான தொகுப்பு என்று அதைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள்.

கிளை மாற்றுவது வேறு நாள் வேலை என்றேன். ஆனால் உங்கள் கிளைக்குத் திருத்தமே வராது என்றால் வேறு வழியில்லை. 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன, 8.1-க்கு 2025 டிசம்பர் 31 கடைசி நாள். முதலில் தளத்தின் நகலைத் துணைத்தளம் ஒன்றில் வையுங்கள். அதற்கு மட்டும் மல்ட்டிபிஎச்பி மேனேஜரில் புதிய கிளையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழைய தீம்கள் பெரும்பாலும் இங்கேதான் விழும். ‘கிரியேட்_ஃபங்ஷன்’, ‘ஈச்’ போன்ற பழைய பிஎச்பி கட்டளைகளை 8.0-இல் எடுத்துவிட்டார்கள்.

படி 5: சோதனை

முகப்புப் பக்கம் திறந்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பதிவுப் படிவத்தில் உங்கள் பெயரைத் தமிழில் எழுதி அனுப்புங்கள், தேடல் பெட்டியில் ஒரு தமிழ்ச் சொல்லைப் போடுங்கள், செய்திச் சுருக்கங்களின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு 15 பைட்டுகள். அதை எழுத்தாகப் பார்த்து வெட்ட ‘எம்பிஸ்ட்ரிங்’ என்ற நீட்சி வேண்டும். புதிய கிளைக்கு அதைத் தனியாக இயக்க வேண்டியிருக்கலாம். இல்லையென்றால் சில செருகுநிரல்கள் நின்றுவிடும், சிலவற்றில் சுருக்கத்தின் முனையில் கறுப்பு வைரம் போன்ற குறி தோன்றும். சிபேனலில் நீட்சிகள் பட்டியலில் ஒரு டிக் போட்டால் சரியாகிவிடும்.

பக்கம் வெள்ளையாக வந்தால் பழைய கிளைக்கே திருப்பி வைத்துவிட்டு, ‘எரர்_லாக்’ கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். எந்தச் செருகுநிரல், எந்த வரி என்று அதிலேயே இருக்கும்.

படி 6: யாராவது ஏற்கெனவே நுழைந்துவிட்டார்களா?

2024 ஓட்டைக்கு, அறிவிப்பு வந்து ஒரே நாளில் தாக்குதல் முயற்சிகள் தொடங்கிவிட்டன. மேம்படுத்தினால் புதிதாக யாரும் அந்த வழியில் வர முடியாது, ஆனால் முன்பே வந்தவர் வைத்துவிட்டுப் போன கோப்பு அப்படியே இருக்கும். வேர்ட்பிரஸின் அப்லோட்ஸ் கோப்புறையில் படங்களும் ஆவணங்களும்தான் இருக்க வேண்டும். அங்கே பிஎச்பி கோப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். பயனர் பட்டியலில் தெரியாத நிர்வாகி இருக்கிறாரா பாருங்கள். இருந்தால் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, தாக்குதலுக்கு முந்தைய காப்புநகலிலிருந்து தளத்தை மீட்டெடுங்கள்.

பதிவு செய்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் வெளியே போயிருக்கலாம் என்றால் இது குழுவுக்குள் முடிகிற விஷயமல்ல. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டிருந்தால், அல்லது பெரிய தீங்கு நேரக்கூடுமென்றால், அது தெரிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது குழுத் தலைவரை நள்ளிரவானாலும் எழுப்பலாம்.