தெருவில் மன்ற நாடகம் போடுவது எப்படி?

டீக்கடையில் சாதி பார்த்துத் தனித்தனிக் குவளையில் டீ கொடுக்கிற இரட்டைக் குவளை முறை இன்னும் இருக்கிற ஊரில் மேடைப் பேச்சு எடுபடாது, பார்க்கிறவர்களும் உள்ளே வந்து நடிக்கிற மன்ற நாடகம் போட்டுப் பாருங்கள். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் உருவாக்கிய முறை இது. 1985இல் தொடங்கப்பட்ட ஜன சன்ஸ்கிருதி நாடகக் குழு மேற்கு வங்கக் கிராமங்களில் இப்படித்தான் வேலை செய்துவருகிறது.

முதலில் பாதிக்கப்பட்டவர்களிடம் போய்க் கதை கேளுங்கள், அவர்கள் சம்மதித்ததை மட்டும் எடுங்கள், பெயர்களை மாற்றிவிடுங்கள். சின்னக் காட்சி போதும்: கண்ணாடி டம்ளர் கேட்கிறவருக்குப் பிளாஸ்டிக் கப் நீட்டப்படுகிறது, அவர் பேசாமல் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார். அங்கேயே முடியுங்கள், தீர்வை நீங்களே சொல்லிவிட்டால் கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடும்.

அப்புறம் அதே காட்சியை மறுபடி நடத்துங்கள். பார்க்கிறவர் யாராவது 'நிறுத்து' என்றால் நடிகர்கள் அப்படியே நிற்க, அவமானப்பட்டவரின் இடத்தில் அவர் வந்து நடிக்கட்டும். கடைக்காரரின் மனதை மாற்ற மட்டும் விடாதீர்கள், அவர் திடீரென்று நல்லவராகிவிட்டால் யாருக்கும் யோசிக்க வேலை இருக்காது. தனிக்குவளை, தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம் என்பதை இந்த இடத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம்.

முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். எதிர்த்து நடித்தவர் மறுநாளும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும், அவருக்குத் துணையாக உள்ளூரில் யார் நிற்பார்கள் என்று பேசி முடிவு செய்துவிட்டு வண்டி ஏறுங்கள்.