பேடில் ஸ்டீமரின் அகலத்தை எப்படி அளப்பது?

மரத்தில் மாதிரிக் கப்பல் செய்பவன் நான். பழைய பேடில் ஸ்டீமர்கள்மீது, அதாவது தண்ணீரைத் தள்ளும் பெரிய சக்கரங்களால் ஓடும் நீராவிக் கப்பல்கள்மீது, தீராத ஆசை. இந்தக் கப்பல்களைச் செய்ய உட்காருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “ஒரே கப்பலுக்கு ஏன் ரெண்டு அகலம் போட்டிருக்கு?” என்றுதான். இரண்டும் சரியான அளவுதான். டேப்பின் இரு முனைகளும் எங்கே இருந்தன என்று தெரிந்துகொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிளாஸ்கோவின் ‘வேவர்லி’யையே எடுத்துக்கொள்வோம். 1946-ல் கட்டியது, நீளம் சுமார் 73 மீட்டர். அதன் உடலின் அகலம் 30.2 அடி. பக்கத்துச் சக்கரங்களை மூடியிருக்கும் சக்கரப் பெட்டிகளையும், அவற்றைத் தாங்க உடலிலிருந்து வெளியே நீளும் மேடைகளான ஸ்பான்சன்களையும் சேர்த்தால் 57 அடி 3 அங்குலம். பக்கத்துக்குப் பதின்மூன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது! ஒன்றுக்கு நூறு அளவில் மாதிரி செய்தால் உடல் 9.2 செ.மீ., மொத்தம் 17.5 செ.மீ. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் கப்பல் படகுமாதிரி உப்பிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் கப்பல் பதிவேடுகளில் அடிக்குப் பின்னால் புள்ளி வைத்து எழுதியிருப்பது பத்தில் ஒரு பங்கு, அங்குலம் அல்ல. 30.2 என்றால் 30 அடி இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

பதிவேட்டில் இருப்பது உடலின் அகலம். பலகையின் அல்லது தகட்டின் வெளிமுகம்வரை, உடல் எங்கே மிக அகலமோ அங்கே எடுத்தது. சக்கரப் பெட்டி அந்தக் கணக்கில் வராது. கட்டுமான வரைபடத்தில் இருப்பது பெரும்பாலும் உடலுக்கு விலா எலும்புபோல நிற்கும் சட்டங்களின் வெளிமுகம்வரைதான், மேலே போர்த்திய தகட்டைச் சேர்க்காது. இரும்புக் கப்பலில் இந்த வித்தியாசம் சொற்பம். மரக் கப்பலில் இரு பக்கமும் பலகைத் தடிமன் சேர்வதால் அங்குலக் கணக்கில் வரும்.

துறைமுகக்காரனுக்கும் கால்வாய்க்காரனுக்கும் வேண்டியது மொத்த அகலம். கனடாவின் ரிடோ கால்வாயைக் கட்டிய கர்னல் ஜான் பை, கப்பலை உள்ளே விட்டு நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுகள் (லாக்) நீராவிக் கப்பல் நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்றார். அவர் கேட்டது 50 அடி அகலம். கடைசியில் கிடைத்தது 33 அடி. உடல் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும், அந்த மதகுக்குள் போக முடியுமா என்பதைச் சக்கரப் பெட்டிதான் முடிவு செய்யும்.

நேரில் அளப்பதற்கு நல்ல இடம் டிரை டாக், அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறை. கப்பல் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சக்கர அச்சுக்கு நேரே, ஸ்பான்சனின் வெளி விளிம்பிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, ஆட்டம் நின்றதும் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். மறுபக்கமும் அதேபோல. இரண்டு குறிக்கும் நடுவே டேப்பைப் பிடிக்கும்போது அது கீலின் (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் அளவு கூடிவிடும். கரையில் உரசும் மரப் பட்டை ஸ்பான்சனைவிட வெளியே துருத்தியிருந்தால் அதுவரை ஓர் அளவும், அது இல்லாமல் ஓர் அளவும் எடுங்கள்.

உடலின் அகலத்துக்கு ஸ்பான்சனுக்கு அடியில் போக வேண்டும். மேல்தளத்தில் நின்று இதை எடுக்கவே முடியாது. தளம் ஸ்பான்சன்மீதும் விரிந்து கிடப்பதால் உடல் எங்கே முடிகிறது என்று அங்கே தெரியாது. அச்சு உடலைத் துளைத்துச் சக்கரத்துக்குப் போகிற இடம்தான் எல்லைக்கோடு. கீழிருந்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சில இடங்களில் இரு பக்கத்திலும் தூக்குக்குண்டு பிடித்து அளந்து, இருப்பதில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மிசிசிப்பிப் படகுகள் வேறு ரகம். அங்கே ‘கார்டு’ என்ற தள நீட்சி சக்கரத்தோடு நிற்காமல் பக்கவாட்டில் நெடுக ஓடும். அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும், கார்டோடா கார்டில்லாமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் பின்னால் இருக்கிற படகுகளில் சக்கரப் பெட்டியால் அகலம் கூடாது. அங்கே தகராறு நீளத்தில்தான்.

கப்பலே இல்லை, பழைய போட்டோ மட்டும் இருக்கிறது என்றால்? தூரத்திலிருந்து நேர் முன்னாலோ நேர் பின்னாலோ எடுத்த படமாகத் தேடுங்கள். சக்கரப் பெட்டிகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே ஓர் அளவு, அவற்றுக்குக் கீழே நீர்மட்டத்துக்குச் சற்று மேல் உடலுக்கு ஓர் அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, பதிவேட்டு அகலத்தால் பெருக்கினால் மொத்த அகலம் ஏறக்குறைய வந்துவிடும். பழகுவதற்கு வேவர்லியின் படத்தில் செய்து பாருங்கள், விகிதம் 1.9-ஐ ஒட்டி வர வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால், கேமராவுக்கு அருகிலிருக்கும் முன்பக்க உடலை அளந்திருக்கிறீர்கள். இன்னும் தூரத்தில் எடுத்த படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அளங்கள்.