ஒட்டகக்காரரின் பேரன்: ஒரு கதைமாந்தரை எழுதும் முறை

ஆப்கானியரும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரும் கலந்த குடும்பத்தில் பிறந்து, போரிலிருந்து நிம்மதியிழந்து திரும்பிய வீரர் ஒருவரைக் கதையாக்க விரும்புவோர், முதலில் அவருடைய தலைமுறைக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். 1860 முதல் ஒட்டகங்களோடு ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற ஓட்டிகளில் பலுச்சியரும் பஞ்சாபியரும் சிந்திகளும் இருந்தபோதிலும், எல்லாருக்கும் ‘ஆப்கன்’ என்ற ஒரே பெயர்தான் கிடைத்தது. தில்லியிலும் மும்பையிலும் நாம் அனைவரும் ‘மதராசி’ ஆனதைப் போல. ஊரிலிருந்து பெண்களை அழைத்துவர இயலாத அவர்களில் சிலர் பழங்குடிப் பெண்களை மணந்தனர். வெறுமனே ‘பழங்குடி’ என்று எழுதாமல் இனத்தின் பெயரைக் குறிப்பிடுங்கள். ஒட்டகக்காரர்கள் குடியேறிய மாரீ என்ற ஊரில் கதை நிகழுமானால், அது அரபானா மக்களின் மண்.

பேரனை 1966இல் ஆஸ்திரேலியப் படையோடு வியட்நாம் போருக்கு அனுப்பினால் கதை கனம் பெறும். ஏனெனில், பழங்குடியினரை நாட்டின் மக்கள்தொகையில் சேர்க்காத அரசியலமைப்புப் பிரிவு 1967 வாக்கெடுப்புக்குப் பிறகே நீக்கப்பட்டது.

மனக்காயத்தைக் காட்டக் குண்டு வெடிக்கும் கனவுகள் வேண்டாம், அவை தேய்ந்துபோனவை. பெங்களூரில் இருப்பவர்கள், மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் உள்ள அல்சூர்ப் பக்கம் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்க்கலாம். நான் பார்த்த முன்னாள் சுபேதார் ஒருவர், டீக்கடையில் எப்போதும் சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தே அமர்வார். எதிர்க்கடையின் ஷட்டர் சடாரென இறங்கியபோது, அவருடைய கண்ணாடித் தம்ளர் உதட்டருகே நின்றது. டீ ஆறிய பிறகும் அது இறங்கவில்லை. அவரிடம் போரைப் பற்றிக் கேட்காதீர்கள். ஓய்வூதியத்தைப் பற்றிக் கேளுங்கள், மற்றதை அவரே சொல்வார்.