டேனியோ குஞ்சில் வரி விழுவதைப் பார்ப்பது எப்படி

டேனியோ தொட்டியில் வளர்க்கும் சிறு நன்னீர் மீன். கடையில் வாங்கும் வளர்ந்த மீனில் வரி விழும் வேலை முடிந்துவிட்டிருக்கும். குஞ்சிலிருந்தே கவனிக்க வேண்டும். நாகர்கோவில் பக்கம் கலர் மீன் கடைகளில் சாதா சீப்ரா டேனியோ கேளுங்கள். புள்ளி போட்ட லெப்பர்ட் டேனியோவும் அதே இனம்தான், ஒரு மரபணு மட்டும் மாறியது, அதைச் சேர்க்காதீர்கள். ஒப்பிட, வரியே இல்லாத பேர்ல் டேனியோ ஒரு ஜோடி.

தொட்டியின் அடியில் கோலிக்குண்டு பரப்பி, இரவில் ஆணையும் பெண்ணையும் விடுங்கள். விடிந்ததும் முட்டையிடும்; குண்டுகளுக்கிடையில் விழுந்த முட்டையைத் தாயும் தகப்பனும் தின்ன முடியாது. பெரியவற்றை எடுத்துவிடுங்கள். தண்ணீர் 28 டிகிரியில் இருக்கட்டும். பேச்சிப்பாறை போன்ற மலையடிவாரத்தில் மார்கழி இரவுக்கு ஹீட்டர் வேண்டும். மூன்றாம் நாள் வாக்கில் பொரிக்கும், ஐந்தாம் நாள் நீந்தும். தீனியாக முதலில் இன்ஃபுசோரியா (தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள்), பிறகு ஆர்ட்டீமியா (உப்புநீர்க் குட்டி இறால்).

வயதை எண்ணாதீர்கள், நீளத்தை அளங்கள். நெருக்கடியில் வளரும் குஞ்சு குறுகி நிற்கும், வரியும் தள்ளிப்போகும். 6-7 மி.மீ. ஆகும்போது உடலின் நடுக்கோட்டில் மினுக்கும் செல்கள் முதலில் தோன்றும். அங்கே மஞ்சள் செல்கள் கூடும். கருப்பு செல்கள் மேலும் கீழுமாக ஒதுங்கி முதல் இரண்டு வரியாகும். குட்டிப் பருவத்துக் கருப்புக் கோடுகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவை வேறு செல்கள்.

பேர்லிலும் இதே மூவகைச் செல்கள்தான். ஆனால் மஞ்சள் செல்கள் சீக்கிரமே, உடல் முழுதும் முதிர்ந்துவிடுவதால் கருப்பு செல்கள் வரியாகச் சேராமல் சிதறி நிற்கின்றன. மஞ்சள் செல்லை வளர்க்கும் சிஎஸ்எஃப்1 புரதத்தைச் சீப்ராவில் முன்கூட்டியே சுரக்க வைத்தபோது அதன் வரியும் பேர்லைப் போலக் கலைந்தது. அமெரிக்க உயிரியலாளர் டேவிட் பாரிச்சியின் குழு 2014-ல் இதைக் காட்டியது. இரு இனத்தையும் பிரிப்பது செல் வகை அல்ல, அது முதிரும் நேரம். எனக்கு இதில் மிக அழகான பகுதி இதுவே.

படமெடுக்க மயக்கம் தேவை. மாறாமலையில் விளையும் கிராம்பின் எண்ணெய் போதும்: 1 மி.லி. எண்ணெயை 9 மி.லி. எத்தில் ஆல்கஹாலில் கரைத்து, அதில் 0.5 மி.லி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு. குஞ்சு சாய்ந்ததும் வெளியே எடுங்கள். தாமதித்தால் செவுள் நின்று செத்துப்போகும். மில்லிமீட்டர் தாளின் மேல் கண்ணாடித் தட்டில் வைத்து எடுத்து, உடனே நல்ல தண்ணீரில் விடுங்கள்.

எல்லாரும் சறுக்கும் இடம் பின்னணி நிறம். வெள்ளைத் தொட்டியில் கருப்பு நிறமி செல்லின் நடுவே சுருங்கும், வரி வெளிறும். செல் குறைந்துவிட்டதாகத் தோன்றும். கருப்புத் தொட்டியில் அதே நிறமி விரியும். அதனால் செல்லை எண்ணுவதென்றால் இரு இனத்தையும் பத்து நிமிடம் வெள்ளைத் தொட்டியில் விட்டபிறகே எண்ணுங்கள்: சுருங்கிய செல் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும்.