எண்ணெய்ப் பணத்தைச் சேமிக்கும் நாடுகள் சறுக்கும் இடங்கள்

எண்ணெய் விற்ற பணத்தை ஒரு நிதியத்தில் போட்டுவைத்தால் எந்த நாடும், அப்படியே சேமித்துப் பெரும் நிதி குவித்த நார்வே போல ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிதியம் தொடங்குவது சுலபம், ஒரு சட்டம் போதும். அதிலிருந்து யார், எவ்வளவு எடுக்கலாம் என்ற இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பெரிய தவறு, போடுவதற்கு விதி எழுதிவிட்டு எடுப்பதை அரசியல்வாதிகளின் மனசுக்கு விடுவது. நார்வேயில் அரசுக்கு வரும் எண்ணெய் வருமானம் முழுவதும் நிதியத்துக்குள் போகிறது. பட்ஜெட்டுக்கு அதிலிருந்து வருடத்துக்கு எடுப்பது நிதியத்தின் மதிப்பில் சராசரியாக 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2001-இல் வைத்தார்கள். 2017-இல் அதையும் 3 ஆகக் குறைத்தார்கள். எண்ணெய் விலை எகிறும் வருடத்தில்கூட அமைச்சர்கள் இஷ்டத்துக்குச் செலவு செய்ய முடியாது. கிழக்குத் திமோரும் 2005-இல் 3 சதவீதக் கணக்கோடுதான் தொடங்கியது. ஆனால் காரணம் சொன்னால் நாடாளுமன்றம் அதைத் தாண்டலாம் என்று சட்டமே இடம் கொடுத்தது, பல வருடங்கள் தாண்டவும் செய்தார்கள். சாட் நாட்டின் கதை இன்னும் மோசம். குழாய்ப் பாதைக்கு உலக வங்கியின் உதவி வேண்டும் என்பதற்காக, எண்ணெய் வருமானத்தில் வருங்காலத் தலைமுறைக்கு 10 சதவீதம் என்று 1999-இல் சட்டம் போட்டார்கள். எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது 2003-இல். 2006 தொடக்கத்திலேயே அந்த நிதியைக் கலைத்துவிட்டார்கள். கடன் கொடுப்பவரைத் திருப்திப்படுத்த எழுதிய விதிக்கு ஆயுள் அவ்வளவுதான்.

அடுத்தது, ஒரு கையால் சேமித்து மறு கையால் கடன் வாங்குவது. கானா தன் எண்ணெய்ச் சேமிப்பைக் குறைந்த வட்டி தரும் அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களில் வைத்திருந்தது. அப்படியிருக்க 2015-இல் 10.75 சதவீத வட்டிக்கு வெளிநாட்டில் கடன் திரட்டியது. இதைச் சேமிப்பு என்று எப்படிச் சொல்வது? நார்வே 1990-லேயே சட்டம் இயற்றியும், பட்ஜெட்டில் உபரி வந்த பிறகுதான், 1996-இல், முதல் தொகையைப் போட்டது.

சரி, சேர்ந்த பணத்தை உள்நாட்டிலேயே முதலீடு செய்தால் என்ன? ஆசை நியாயமானதுதான். ஆனால் அவ்வளவு பணம் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தால் விலைவாசி ஏறும், நாணய மதிப்பு உயர்ந்து மற்ற ஏற்றுமதித் தொழில்கள் படுத்துவிடும். ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களின் திட்டங்களும் வரிசையில் வந்து நிற்கும். நார்வே நிதியம் வெளிநாட்டில் மட்டுமே முதலீடு செய்வது இதனால்தான். அங்கேயும் அடி விழும்: 2008-இல் 23 சதவீதம் போனது. அப்போது பயந்து விற்காமல் மேலும் பங்குகளை வாங்கினார்கள்.

அப்புறம் அலாஸ்கா. நாடு அல்ல, அமெரிக்க மாநிலம்தான், ஆனாலும் பார்க்க வேண்டிய உதாரணம். 1980-இல் வருமான வரியை எடுத்துவிட்டு, 1982 முதல் நிதியத்தின் லாபத்தில் ஒரு பங்கை மக்களுக்கு நேரடியாகக் கொடுக்கிறார்கள். நிதியத்தை யாரும் சுலபத்தில் தொட முடியாதபடி மக்களே காவல் நின்றார்கள், அது நல்ல விளைவு. ஆனால் எண்ணெய் விலை சரிந்தபோது பள்ளிக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும்? வரி போட யாருக்கும் துணிவில்லை. 2016-இல் ஆளுநர் அந்தப் பங்குத்தொகையைப் பாதியாக வெட்டினார். அன்று முதல், நிதியத்தின் பணத்தில் எவ்வளவு மக்களுக்கு, எவ்வளவு அரசுக்கு என்ற சண்டை சட்டமன்றத்தில் ஓயவில்லை.