ராமநாதபுரம் கடற்கரை வீட்டுச் சமையலிலேயே சத்தாகச் சாப்பிடப் பழகுவது எப்படி?

சத்தான சாப்பாடு என்றதும் ஓட்ஸ், அவகாடோ, ப்ரோட்டீன் பவுடர் என்று பட்டியல் போட்டு, மாதச் செலவைக் கணக்குப் பார்த்து, அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. தொண்டி முதல் மூக்கையூர் வரை எந்தச் சந்தையிலும் கிடைக்கிற பொருட்களே போதும். மாற வேண்டியது அளவும் உப்பும்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், வாரம் ஒரு படி போதும்.

படி 1: தட்டைப் பாருங்கள்

மதியம் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, பிசைவதற்கு முன் ஒரு முறை பாருங்கள். சோறு ஒரு குவியல், மேலே மீன் குழம்பு, ஓரத்தில் பொரித்த மீன், ரெண்டு அப்பளம். காய் எங்கே என்று தேடினால் குழம்பில் கிடக்கும் மாங்காய்த் துண்டுதான் சாட்சி சொல்லும்.

நாம் போக வேண்டிய இடம் இது: தட்டில் பாதி காய், கீரை, பழம். கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு. நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் வாரம் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு பொரியல் வையுங்கள். சித்திரைக்கார் மாதிரி சிவப்பரிசி தவிட்டோடு கிடைத்தால் நல்லது, நார்ச்சத்து கூடும். சிவப்பரிசிதானே என்று ரெண்டு மடங்கு போட்டுக்கொண்டால் ஒன்றும் மாறாது.

படி 2: சின்ன மீனுக்கு மாறுங்கள்

விருந்தாளி வந்தால் சீலா, வீட்டுக்கு மட்டும் சூடை என்று ஒரு கௌரவம் நம்மிடம் உண்டு. உடம்புக்கு அந்தக் கணக்கு செல்லாது. சாளை, சூடை, கானாங்கெளுத்தியில் ஒமேகா-3 கொழுப்பு தாராளம். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கும். நெத்திலியை முள்ளோடு மென்று தின்பதால் கால்சியமும் கிடைக்கிறது. சுறா மாதிரி பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. சுறாப் புட்டுக்குப் பெயர்போன ஊரில் இதைச் சொன்னால் பெரியவர்கள் முறைப்பார்கள். பரவாயில்லை, சொல்லத்தான் வேண்டும்.

வாங்கும்போது கண் தெளிவாகத் துருத்தி இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, வயிற்றை அழுத்தினால் குழி விழாமல் எழும்புகிறதா என்று பாருங்கள். குழம்போ, ஆணமோ (முஸ்லிம் வீடுகளில் குழம்புக்கு வழங்கும் பெயர்) எப்படி வைத்தாலும் சரி. பொரிப்பதை மட்டும் வாரத்தில் ஒரு நாளாக்குங்கள். மற்ற நாள் தோசைக்கல்லில் ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு வாட்டினால் போதும்.

படி 3: உப்பைப் பிடியுங்கள்

கடற்கரைச் சாப்பாட்டில் பெரிய சிக்கல் இதுதான். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள் இருக்க வேண்டும். வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி: நான்கு பேர் உள்ள வீட்டில், சமையலுக்கு மட்டும் எடுக்கிற ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். இருபது நாளில் பாக்கெட் தீர்ந்தால் விஷயம் புரிந்துவிடும். அதிலும் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் வராதவை.

கருவாடு அதிகம் புழங்குவது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன் விலை ஏறும். அப்போது கருவாட்டை இப்படிச் சமையுங்கள். தலையைக் கிள்ளி, வெந்நீரில் கால் மணி நேரம் போட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள். இன்னொரு முறையும் அதே மாதிரி ஊறவைத்து நன்றாகத் தேய்த்து அலசுங்கள். குழம்பில் முதலில் உப்பே போடாதீர்கள். கருவாடு வெந்து குழம்பு கொதித்தபின் நாக்கில் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் ஒரு சிட்டிகை. கருவாட்டைப் போல ரெண்டு மடங்கு கத்தரிக்காய், முருங்கைக்காய், மொச்சை சேருங்கள். கருவாடு வாசனைக்கு, வயிற்றுக்குக் காய். புரதத்துக்கு முட்டையோ பாசிப்பயறோ தனியாக இருக்கட்டும்.

உப்பு குறைந்தால் சப்பென்று ஆகுமே என்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிக் கவலைப்படுவானேன்? புளி, மிளகு, பூண்டு கூடினால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். இன்னொன்று, வாலிநோக்கம் பக்கம் உப்பளம் இருக்கிறது என்பதற்காக அயோடின் சேர்க்காத கல் உப்பையே எல்லாவற்றுக்கும் போடாதீர்கள், அயோடின் கலந்ததை வாங்குங்கள்.

படி 4: வீட்டு முருங்கை

மணல் தரையில் வேறு எது வராவிட்டாலும் முருங்கை வரும். வாரம் மூன்று நாள் கீரை வதக்குங்கள். அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் சி வேண்டும். இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காய் கடியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அந்த இரும்பைத் தடுத்துவிடும், ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

படி 5: தாகமும் இனிப்பும்

வெயிலில் கலர் பாட்டிலைத் திறக்கிற கை நுங்குக்குப் போகட்டும். தை மாதத்தில் பனங்கிழங்கு அருமையான மாலைத் தீனி, நார்ச்சத்து மிக்கது. கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பை விசேஷத்துக்கு ஒரு துண்டு தின்றால் குற்றமில்லை. ஆனால் கருப்பட்டி இயற்கையானது, சர்க்கரை நோயாளியும் தாராளமாகச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்ன அளவுகளை மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள். கடைகளில் வரும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும், சிறுநீரக நோயாளிக்கு அது ஆகாது.