கோலெமை ரோபோவாகப் படிக்காதீர்கள்

மார்ஜ் பியர்சி 1991-இல் எழுதிய ‘ஹீ, ஷீ அண்ட் இட்’ என்ற அறிவியல் புனைவு நாவலை யார் கையில் எடுத்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சில தவறுகளால் பலர் அதைப் பாதியிலேயே வைத்துவிடுகிறார்கள்.

முதல் தவறு, பிராக் அத்தியாயங்களைத் தாண்டிப் போவது. நாவலின் ஒரு பகுதி 21-ஆம் நூற்றாண்டின் நடுவில், பெருநிறுவனங்கள் உலகைப் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், டிக்வா என்ற சுதந்திர யூத ஊரில் நடக்கிறது. மற்றொன்று 1600-ஐ ஒட்டிய பிராக் யூதச் சேரியில். அங்கே ரபி லோ என்ற யூத மதகுரு தன் மக்களைக் காக்க ஒரு கோலெமை, அதாவது களிமண்ணில் செய்து உயிரூட்டிய மனிதனை, உருவாக்குகிறார். சைபர்பங்க், அதாவது கணினியும் பெருநிறுவனங்களும் ஆளும் எதிர்காலக் கதை, வேண்டி வந்தவர்களுக்கு மண் பொம்மைக் கதை எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அதைச் சொல்பவள் மல்கா என்ற பாட்டி. கேட்பவன் யோட் என்ற சைபோர்க், மனித உடலும் எந்திரமும் கலந்த படைப்பு. தன்னைப் போலவே காவலுக்காகச் செய்யப்பட்ட ஒருவனின் கதையை அவன் கேட்கிறான். அதை விட்டுவிட்டால் யோடின் வேதனை புரியாது.

அடுத்து, கோலெம் என்றால் பழங்கால ரோபோ என்று நினைப்பது. இதுதான் பெரிய தவறு. அந்தச் சொல் எபிரேய வேதத்தில் ஒரே இடத்தில், 139-ஆம் சங்கீதத்தில் வருகிறது. நம் தமிழ் விவிலியம் அதை ‘என் கருவை உம்முடைய கண்கள் கண்டது’ என்கிறது. கரு! இன்னும் உருப்பெறாதது. யூதர்களின் சட்ட, விளக்க நூலான தல்மூதில் ராவா என்ற அறிஞர் ஒரு மனிதனை உருவாக்கி ரபி ஸேராவிடம் அனுப்புகிறார். ஸேரா பேசிப் பார்க்கிறார், பதில் வரவில்லை. ‘உன் மண்ணுக்கே திரும்பு’ என்கிறார். கருப்பை இல்லாமல் ஆண்கள் உயிர் படைக்கும் கதை இது, பெண்ணுக்கு இதில் வேலையே இல்லை.

பியர்சி கை வைப்பது இங்கேதான். பிராக்கில் ரபி லோவின் பேத்தி ஹாவா மருத்துவச்சி. பிள்ளைப்பேறு பார்க்கும் கை அவளுடையது. டிக்வாவில் அவ்ராம் என்ற விஞ்ஞானி செய்த முந்தைய ஒன்பது படைப்புகளும் சரிவரவில்லை. பத்தாவதாக வந்த யோடுக்குப் பிறரோடு உறவாடும் தன்மையைக் கொடுத்தது மல்கா எழுதிய நிரல். அதனால் பெண்ணியம் என்றதும் கத்தி பிடித்த நாயகியைத் தேடாதீர்கள். அப்படி ஒருத்தியும் உண்டு, நிலி என்று பெயர். என் மனசு நிற்பது என்னவோ மல்காவிடம்தான்.

அப்புறம், ரபி லோவைப் பற்றி எழுதும்போது கவனம் வேண்டும். அவர் நிஜ மனிதர், 1609-இல் இறந்தார். கோலெமை அவரோடு சேர்த்துச் சொல்லும் கதைகள் அச்சில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதை வரலாறாக எழுதிவிடக் கூடாது.

பிரிட்டனில் இந்த நாவல் ‘பாடி ஆஃப் கிளாஸ்’ என்ற பெயரில் வந்தது. 1993-இல் ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்றதும் இதுவே. வேறு நாவல் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிட வேண்டாம்.